லாரி எஞ்சின் ஹீட் ஏறாமல் ஓடினால் எங்கே தேடுவது

வண்டி ஹீட் ஆகிறது என்றால் டிரைவரிலிருந்து ஓனர் வரை எல்லோருக்கும் பதற்றம். ஹீட்டே ஏறவில்லை என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. "கூலிங் நல்லா இருக்குங்க" என்று மெக்கானிக்கே சந்தோஷமாகச் சொல்லி அனுப்புவார். எங்கள் 12 சக்கர வண்டி அப்படித்தான் ஒரு குளிர்காலம் முழுக்க ஓடியது. ஆறு சிலிண்டர், 2018 மாடல், பி.எஸ்.4 புகை விதிக்கு உட்பட்டது, காமன்ரெயில். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு 44-ம் எண் நெடுஞ்சாலையில் டெல்லி போகிற வண்டி. ஐதராபாத் வரை ஒரு குறையும் தெரியாது. நாக்பூர் தாண்டி இரவு ஓட்டத்தில் டெம்பரேச்சர் முள் இறங்க ஆரம்பிக்கும். குவாலியர், ஆக்ரா பக்கம் மார்கழிப் பனியில் கால்வாசியைத் தாண்டாது. வெயில் ஊரில் மறைந்து கிடக்கிற கோளாறு குளிர் ஊரில்தான் வெளியே வரும். தமிழ்நாட்டுப் பட்டறையில் இதைப் பிடிப்பது கஷ்டமாக இருப்பதற்கு அதுதான் முதல் காரணம். இங்கே நிறுத்தி ஸ்டார்ட் செய்து பார்த்தால் முள் பாதிக்கு வந்து நிற்கும், "ஒண்ணுமில்லை, எடுத்துட்டுப் போங்க" என்பார்கள்.

அந்தப் பருவத்தில் மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டரிலிருந்து 3.7-க்கு இறங்கியது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். 2,400 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 50 லிட்டர் டீசல், ஒரு வழிக்கே நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பக்கம் போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கண் எரிகிற டீசல் வாடையோடு வெள்ளைப் புகை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு பசை. புகையைச் சுத்தமாக்க சைலன்சர் பக்கம் அடிக்கிற யூரியா வழக்கத்தைவிடக் குறைவாகச் செலவானது. அதை லாபம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அதுவும் நோயின் அறிகுறிதான். புகையைப் பார்த்த ஒரு பட்டறையில் ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதித்துப் பூட்டினார்கள். 27,000 ரூபாய் போனது, புகை போகவில்லை. மூடிக்கு அடியில் இருந்த பசையைப் பார்த்த இன்னொரு இடத்தில் ஹெட் கேஸ்கட் (ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் அடைக்கிற தகடு) போய்விட்டது என்று 60,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார்கள். கடைசியில் வேண்டியிருந்தது ஒரு தெர்மோஸ்டாட் (சூடு ஏறியபின் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு), ஒரு ரப்பர் சீல், சென்சார் வயரைச் சொருகுகிற ஒரு கப்ளர், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் கொஞ்சம். அந்த எரிச்சலில்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் எது சரியான சூடு என்று தெரிய வேண்டும். இந்த அளவு டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கும், 95 பக்கம் முழுசாகத் திறந்துவிடும். திறக்கிற டிகிரி அதன் மேலேயே 79, 82, 83 என்று பொறித்திருக்கும். லோடோடு சமதளத்தில் ஓடும்போது கூலன்ட் 80-க்கும் 95-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 70-க்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று தப்பு. அதற்காக எப்போது முள் இறங்கினாலும் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டீசல் எஞ்சின் ஐடிலில் மிகக் குறைந்த டீசலை எரித்து நிறையக் காற்றை இழுத்துத் தள்ளுகிறது, அதனால் அதற்கு அப்போது சூடு உற்பத்தியே கம்மி. தாபாவில் ஐடிலில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தால் குளிர் ஊரில் நல்ல எஞ்சினும் 65-க்கு இறங்கும். நீளமான இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு டீசலே எரியாமல் இறங்கினாலும் அப்படித்தான். காலி வண்டியிலும் கொஞ்சம் குறையும். ஆகவே சோதனை ஓட்டம் என்றால் லோடு இருக்க வேண்டும், சமதளத்தில் 50-60 வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். வெறுமனே நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்தது கணக்கில் சேராது.

குளிர்ந்த எஞ்சினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஈர விறகு எரிவதுபோலத்தான் எரியும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் டீசலில் ஒரு பங்கு எரியாமல் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் வழியாக அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்கு இறங்கும். டிப் ஸ்டிக்கில் அளவு குறைய வேண்டிய ஆயில் ஏறும், மோந்து பார்த்தால் டீசல் வாடை தெரியும். எரிந்த புகையில் உள்ள நீராவி ஆவியாக வெளியே போகாமல் உள்ளேயே நீராகி ஆயிலோடு கலந்து, குளிர்ந்த மூடிக்கு அடியில் அந்தப் பசையாகப் படியும். டீசலில் இருக்கிற கந்தகம் அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும். பி.எஸ்.4 டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்., பி.எஸ்.6-ல் 10 என்று ஆன பிறகு இந்த அரிப்பு முன்னைவிடக் குறைவு, ஆனால் டீசல் கழுவுவது குறையவில்லை. எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டியோ, வண்டி இன்னும் வார்ம்-அப் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்ஜெக்ஷன் டைமிங்கையும் டீசல் அளவையும் குளிருக்கு ஏற்ற கணக்கிலேயே வைத்திருக்கும். மைலேஜ் போகிற ஒரு வழி அது. யூரியாவும், சைலன்சர் பக்கம் சுமார் 200 டிகிரி தாண்டாமல் அடிக்க ஆரம்பிக்காது. பி.எஸ்.6 வண்டி என்றால் கூடுதல் தலைவலி. கூலன்ட் சூடாகாதவரை டி.பி.எஃப். என்கிற புகைக்கரி ஃபில்டரில் சேர்ந்த கரியை எரித்துத் தள்ளுகிற ரீஜென்னைக் கம்ப்யூட்டர் ஆரம்பிக்கவே விடாது, கரி சேர்ந்து விளக்கு எரிந்து, கடைசியில் வண்டி இழுக்காமல் போகும். டி.பி.எஃப்.-ஐக் கழற்றிச் சுத்தம் செய்யக் காசு கேட்பார்கள். காரணம் எஞ்சினின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

மூடிப் பசையையும் ஹெட் கேஸ்கட்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி. கேஸ்கட் போயிருந்தால் கூலன்ட் டேங்கில் அளவு இறங்கிக்கொண்டே வரும், டிப் ஸ்டிக்கில் வருகிற ஆயிலே பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். கூலன்ட் குறையாமல், டிப் ஸ்டிக் ஆயில் கறுப்பாகவே இருந்து, மூடியிலும் அதன் கழுத்திலும் மட்டும் பசை இருந்தால் அது குளிர் எஞ்சினின் வேலை. புகையையும் அப்படிப் பிரிக்கலாம். மூக்கில் ஏறுகிற டீசல் வாடையோடு காற்றில் தொங்கி நிற்பது எரியாத டீசல். சைலன்சரை விட்டு வந்ததும் கரைந்து மறைவது வெறும் நீராவி. எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் இந்த இரண்டையும் நீங்களே பார்த்துவிடுங்கள், பைசா செலவில்லை.

இனி தேடுகிற வரிசை. எஞ்சின் நிஜமாகவே குளிராக இருக்கிறதா, இல்லை முள் பொய் சொல்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதைக் கேட்காமல்தான் எல்லோரும் பாகம் மாற்ற ஓடுகிறார்கள். எஞ்சின் ஆறியதும் கூலன்ட் அளவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் சென்சாரின் முனை கூலன்ட்டில் நனையாமல் காற்றில் நிற்கும், காற்று கூலன்ட் அளவுக்குச் சூடாகாது, முள் இறங்கியே காட்டும். அந்த நேரத்தில் உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கலாம். குளிராகக் காட்டுவதிலேயே ஆபத்தான வகை இதுதான். அளவு சரி என்றால் தொடாமலேயே சூட்டை அளக்கிற ஒரு இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள், ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும். ஆனால் அதைப் பளபளக்கிற அலுமினிய ஹவுசிங்கில் நேராக அடித்தால் நிறையக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் சென்சாருக்குப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, இல்லாவிட்டால் கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் அடியுங்கள். ரப்பர் ஹோஸ் மேல் நேராகவே அடிக்கலாம், நம்பலாம். லோடில் ஓட்டிக்கொண்டு வந்து ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தாமல் உடனே அடித்துப் பாருங்கள். கூடவே, எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் லைவ் டேட்டாவில் கூலன்ட் டிகிரியையும் பாருங்கள். துப்பாக்கி, ஸ்கேனர், முள் என்று மூன்று எண்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருக்கும். ஸ்கேனரில் சரியாக இருந்து முள் மட்டும் குறைவாக இருந்தால் கோளாறு மீட்டர் லைனோடு நின்றுவிட்டது.

எங்கள் வண்டியில் துப்பாக்கி 68 காட்டியது, ஸ்கேனரும் முள்ளும் 58. இந்த இடத்தில்தான் தலை சுற்றும். 68 என்பதே குளிர்தான், ஆகவே எஞ்சின் நிஜமாகவே குளிர். அதோடு சென்சார் லைனும் பத்து டிகிரி குறைத்துச் சொல்கிறது. இரண்டு கோளாறு ஒரே நேரத்தில். ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் முள் அப்போதும் தப்பாகவே காட்டியிருக்கும், சரிசெய்த பாகத்தையே சந்தேகப்பட்டு மறுபடி கழற்றியிருப்போம்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதைப் பிடிப்பது சுலபம். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற ஒரு பொருள். இந்த வகை சென்சார்களில் பரவலாக இருக்கிற கணக்கு: 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40-ல் 1,200, 60-ல் 600, 80-ல் 320, 100-ல் 190. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண்கள் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டன்ஸ் கூடினால் குளிர் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஆகவே கப்ளர் பின்னில் பச்சை பூத்தாலும், பின் தளர்ந்தாலும், வயர் உள்ளே பாதி அறுந்திருந்தாலும், அந்த எக்ஸ்ட்ரா ரெசிஸ்டன்ஸ் எல்லாம் குளிராகவே தெரியும். வயர் முழுசாக அறுந்தால் மைனஸ் 40 என்று காட்டும், ஸ்கேனரில் எஸ்.பி.என். 110 (கூலன்ட் சூடு), எஃப்.எம்.ஐ. 3 (வோல்டேஜ் அதிகம்) என்று ஃபால்ட் கோட் விழும். ஷார்ட் ஆனால் எஃப்.எம்.ஐ. 4. நடுவில் நூறு இருநூறு ஓம் கூடினால் ஒரு ஃபால்ட் கோட் கூட விழாது, பொய் மட்டும் சொல்லும்.

காலையில் ஆறின வண்டியில் கூலன்ட், காற்று, வெளிவெப்பம் என்று எல்லா சென்சாரும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் இந்த மாதிரிக் கோளாறை அது பிடிக்காது. கணக்கைப் பாருங்கள். பின்னில் 175 ஓம் கூடியிருக்கிறது என்று வையுங்கள். காலையில் 20 டிகிரியில் 2,500 என்பது 2,675 ஆகும், வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே 175 ஓம் 80 டிகிரியில் 320-ஐ 495 ஆக்கிவிடும், 66 என்று காட்டும். சூடு ஏற ஏறப் பொய்யும் ஏறுகிறது. இதைப் பிடிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிற 330 ஓம் ரெசிஸ்டர் போதும். இக்னிஷனை ஆஃப் செய்து சென்சார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு ஓட்டையிலும் ரெசிஸ்டரின் இரண்டு காலையும் மெதுவாக நுழைத்து, இக்னிஷன் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்குள்ள சென்சார் என்றால் 79 பக்கம் காட்ட வேண்டும். எங்களுக்கு 65 காட்டியது. சென்சாரைத் தொடாமலேயே, கோளாறு வயர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. கப்ளரைப் பிரித்தால் ஒரு பின் முழுக்கப் பச்சை. பழைய கூலன்ட் கசிவு மேலே சொட்டியிருந்தது. ரெசிஸ்டர் காலைத் திணித்துப் பின்னை அகலப்படுத்திவிடாதீர்கள், அப்புறம் அதுவே புதுக் கோளாறாகிவிடும். கப்ளரைச் சுரண்டிச் சுத்தம் செய்வதைவிட வயரோடு புதுக் கப்ளர் வாங்கிச் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுவது நல்லது. முந்நூறு ரூபாய் வேலை. ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய வண்டி என்றால் அது எர்த்தை மரையின் வழியாகத்தான் எடுக்கும். லீக் ஆகக் கூடாது என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் பூட்டியிருப்பார்கள், எர்த் சரியாகக் கிடைக்காமல் முள் ஏறாது.

அடுத்து நிஜக் குளிர். இதில் பத்துக்கு ஒன்பது தெர்மோஸ்டாட் பக்கம்தான். ஓட்டத்திலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். தெர்மோஸ்டாட் மூடாமல் கசிந்தால் நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போதும் இறக்கத்திலும் முள் இறங்கும், ஊருக்குள் நெரிசலில் ஊரும்போதும் லோடோடு மேடு ஏறும்போதும் மேலே வரும். சென்சார் கோளாறில் இப்படி ஆடாது, எப்போதும் ஒரே மாதிரி தாழ்ந்தே இருக்கும். ராத்திரி முழுக்க ஆறின வண்டியில் காலையில் ஹோஸ் சோதனை செய்யுங்கள். ஸ்டார்ட் செய்து 1,000-1,200 ஆர்.பி.எம்.-ல் வைத்து, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஹவுசிங்கில் ஒட்டிய கறுப்பு டேப்பிலும், ரேடியேட்டர் மேல் ஹோஸின் ரேடியேட்டர் ஓரத்திலும் துப்பாக்கியை அடியுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹவுசிங் 50, 60, 70 என்று ஏறிக்கொண்டு போகும், ஹோஸ் அந்த ஓரத்தில் வெளிக்காற்றுச் சூட்டிலேயே கிடக்கும். ஹவுசிங் 80 தொட்டதும் ஹோஸ் திடீரென்று சூடாகும். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறினால் கூலன்ட் முதல் நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போகிறது. மேலே டேங்குக்குப் போகிற சின்ன ஏர் பைப் சீக்கிரம் சூடாவது இயல்பு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், பம்புக்குக் கூலன்ட் வருகிற வழியில் இருக்கும். அப்போது கீழ் ஹோஸைப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிற இடம் இது. துண்டு, தொங்குகிற சட்டை, கயிறு எதுவும் வேண்டாம்.

கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். 50 டிகிரிக்கு மேலே மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். எல்லாக் கூலன்ட்டையும் இறக்கத் தேவையில்லை, ஹவுசிங் மட்டத்துக்குக் கீழே போனால் போதும். எங்கள் வண்டியில் பத்து லிட்டர் பக்கம் சுத்தமான கேனில் பிடித்து வைத்து அதையே திரும்ப ஊற்றினோம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஆறின நிலையில் வால்வு ஓரத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது, காற்று போகிற அந்தச் சின்ன ஓட்டை மட்டும் தெரியலாம். பிறகு பாத்திரத் தண்ணீர்ச் சோதனை. வால்வு இடுக்கில் ஒரு நூலைச் செருகி அதில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். மெதுவாகச் சூடாக்கித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வால்வு திறக்க ஆரம்பிக்கும்போது நூல் நழுவித் தெர்மோஸ்டாட் விழும். அந்த டிகிரியும் பொறித்த எண்ணும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல் 12-15 டிகிரியில் 8-10 மில்லிமீட்டர் திறந்திருக்கும். பாத்திரத்தை இறக்கி ஆறவிட்டால் தானாக முழுசாக மூட வேண்டும். பழுதானவை பெரும்பாலும் திறப்பதில் அல்ல, மூடுவதில்தான் தோற்கும். கடைக்காரர் கொடுக்கிற புதுசையும் பூட்டும் முன் இதே பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். 82 என்று பொறித்துவிட்டு 71-ல் திறக்கிற நகல் சரக்கு ஏராளம்.

எங்களுக்குப் பெரிய அலைச்சல் இதற்கு அப்புறம்தான். புதுத் தெர்மோஸ்டாட், பாத்திரச் சோதனையில் தேறினது. பூட்டி ஓட்டினால் 68-லிருந்து 72. அவ்வளவுதான். இங்கே பலர் வேறு கம்பெனித் தெர்மோஸ்டாட் வாங்கி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குற்றவாளி ஹவுசிங்கில் உட்கார்ந்திருந்த சீல். சில பெரிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் மேல் உருளை ஹவுசிங்குக்குள் ஏறி இறங்கும், அதைச் சுற்றி உதடு வைத்த ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது கல்லாகி இறுகியோ உதடு கிழிந்தோ போனால், வால்வு ஒழுங்காக மூடினாலும் கூலன்ட் சுற்றி வந்து ரேடியேட்டருக்குப் போய்விடும். எங்கள் சீலை நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை, உதட்டில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டே இல்லை. தெர்மோஸ்டாட் பெட்டியில் இந்தச் சீல் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் பையனுக்குத் தெரியாது, பார்ட் நம்பரோடு போங்கள். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது அது உட்காரும் அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. புதுசைச் சோப்புத் தண்ணீர் தடவி, சீலின் வெளிவட்டத்துக்குச் சரியான ஒரு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கணும், கிரீஸ் வேண்டாம். உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பழையதைக் கழற்றும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், தலைகீழாகப் போட்டால் சீல் இருந்தும் இல்லாத மாதிரிதான். இரண்டு தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின் என்றால் இரண்டையும் சீலோடு சேர்த்தே மாற்றுங்கள். ஆடுகிற சின்னக் குமிழ் உள்ள தெர்மோஸ்டாட் படுக்கைவாக்கில் உட்காரும் என்றால் குமிழ் மேலே வரும்படி வையுங்கள், காற்று வெளியேறுகிற வழி அதுதான். கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஏர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வருகிறவரை காத்திருங்கள்.

தெர்மோஸ்டாட்டையே தூக்கி வீசிவிடுகிற பழக்கம் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடே சொல்ல வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்று கழற்றிப் போடுகிற மெக்கானிக் எல்லா நெடுஞ்சாலையிலும் இருக்கிறார். பழைய வண்டி வாங்கினால் ஹவுசிங்கைத் திறந்து உள்ளே அது இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றுமே இருக்காது. இந்த எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்புகிற பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். லோடு குறைவான சமதளத்தில் வண்டி குளிர்ந்து ஓடும். தொப்பூர் மேட்டில் முழு லோடோடு ஏறும்போது சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டரையே பார்க்காமல் பைபாஸில் சுற்றி வந்து வண்டியை ஹீட் ஆக்கும். ஹீட்டுக்காகக் கழற்றிய வண்டியே ஹீட் ஆகும், அதற்கு ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டு ராடு அடிப்பார்கள்.

உள்ளே இருக்கிற கெட்டித் திரவத்தின் பிடியால் தேவைக்கு ஏற்பச் சுற்றுகிற விஸ்கஸ் ஃபேன் மீதும் எல்லோருக்கும் சந்தேகம் வரும். ஃபேன் இறுகி எப்போதும் முழு வேகத்தில் சுற்றினாலும், தெர்மோஸ்டாட் நன்றாக மூடினால் அது மட்டும் எஞ்சினை இந்த அளவு குளிர்விக்காது. ஆனால் கசிகிற தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்தால் மோசமாக்கும், தனியாகவே டீசலையும் தின்னும். பெரிய எஞ்சினில் இறுகிய ஃபேன் இழுக்கிற சக்தி 20 குதிரைத்திறனையும் தாண்டும். ஆறின எஞ்சினை நிறுத்தி, சாவி கையில் இருக்க, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான தடையோடு சுற்ற வேண்டும். கல்லாக நின்றாலும் தப்பு, தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனாலும் தப்பு. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிஷம் இரைச்சல் வருவது இயல்பு, உள்ளே இருக்கிற திரவம் இடம் மாறும்வரை அப்படித்தான். அதற்கு மேலும் குளிர் எஞ்சினில் இரைந்துகொண்டே இருந்தால் கிளட்ச் போய்விட்டது.

எல்லாம் பூட்டியபின் எங்கள் வண்டி லோடில் 82-க்கும் 88-க்கும் நடுவில் நிற்கிறது, துப்பாக்கியும் முள்ளும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. மைலேஜ் 4-க்குத் திரும்பியது, யூரியாவும் பழைய அளவுக்குச் செலவாகிறது. வேலை முடிந்த கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், இன்னும் கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். டீசல் கலந்த ஆயில் மெலிந்திருக்கும், பேரிங்குக்கு அது ஆகாது. மூடியில் இருந்த பசை ஒன்றிரண்டு நீண்ட ஓட்டத்தில் தானாகவே மறையும். மறையாவிட்டால் அப்போது கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம்.

வழியில் வடநாட்டுக் குளிரில் இந்தக் கோளாறோடு மாட்டிக்கொண்டு, பாகம் கிடைக்காமல் ஊர் திரும்ப வேண்டியிருந்தால்: வார்ம்-அப்புக்காக ஐடிலில் போட்டுக்கொண்டே நிற்காதீர்கள், பிரேக்குக்கு ஏர் ஏறியதும் கிளம்பி முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், எஞ்சின் லோடில்தான் சூடாகும். கிரில்லில் கோணியோ தார்ப்பாயோ கட்டுகிற வழக்கம் சரிதான். ஆனால் டர்போ வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால், டர்போ தள்ளுகிற காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலர் இருக்கிறது, முழுசாக மூடினால் அது மூச்சுத் திணறும். இரண்டு பக்க ஓரத்தையும் சமமாக மூடி, நடுவில் கால்வாசிக்குக் குறையாமல் திறந்து வையுங்கள். விஸ்கஸ் ஃபேனின் நடுவில் இருக்கிற ஸ்பிரிங் பட்டைக்கு ரேடியேட்டர் வழியாக வருகிற காற்று பட்டால்தான் எப்போது சுற்றுவது என்று அதற்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் ஃபேன் இறக்கைகளில் காற்று ஏற்றத்தாழ்வாக அடித்து அதிரும். நாக்பூர் வந்ததும் கோணியை அவிழ்க்கச் சொல்லி டிரைவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அவிழ்க்க மறந்து வண்டியை ஹீட் ஆக்கியவர்கள் நிறையப் பேர்.